ஓட்ட வேறுபாடும் உள்ளத்து நம்பிக்கையும்

நுழையும்முன்

வென்ற அணியே வலிமையான அணி என்பது பொதுவான எண்ணம். ஆனால், அந்த வெற்றி ஆற்றலால் விளைந்ததா, நற்பேற்றால் வாய்த்ததா, அது இனியும் தொடருமா என்னும் வினாக்கள் எழும்போது எண்களின் துணை தேவைப்படுகிறது. அமெரிக்க மக்களின் விருப்ப விளையாட்டாகிய பேஸ்பாலில் ‘ஓட்ட வேறுபாடு’ என்னும் எளிய கணக்கு, இரசிகர்களின் நம்பிக்கையையும் ஐயத்தையும் எவ்வாறு எடைபோடுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

55 ஓட்டங்கள் தோற்றன. 27 ஓட்டங்கள் வென்றன

அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டிக்கு ‘உலகத் தொடர்’ என்று பெயர். ஏழு ஆட்டங்கள் கொண்ட அத்தொடரில் முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணிக்கே பட்டம். 1960ஆம் ஆண்டு உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் அணியும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியும் மோதின. யாங்கீஸ் மூன்று ஆட்டங்களில் வென்றது. அவை 16–3, 10–0, 12–0 என்னும் பெரும் வெற்றிகள். பைரேட்ஸ் நான்கு ஆட்டங்களில் வென்றது. அவை 6–4, 3–2, 5–2, 10–9 என்னும் சிறிய வெற்றிகள். ஏழாம் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் பில் மசராஸ்கி பந்தை எல்லைக்கு வெளியே அடித்துப் பெற்ற ஓட்டம் பட்டத்தைப் பிட்ஸ்பர்க் நகருக்குப் பெற்றுத் தந்தது.

ஏழு ஆட்டங்களின் ஓட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் யாங்கீஸ் 55 ஓட்டங்களும் பைரேட்ஸ் 27 ஓட்டங்களும் எடுத்திருந்தன. எதிரணியைவிட இருமடங்குக்கு மேல் ஓட்டம் எடுத்த அணி தோற்றது. ஓட்டங்களைக் கூட்டிப் பட்டம் தருவதில்லை. ஆட்டங்களை எண்ணியே பட்டம் தருகின்றனர். ஓட்டம், வெற்றி ஆகிய இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளிதான் பேஸ்பால் இரசிகர்களிடையே ஆண்டுதோறும் ஓயாத விவாதத்தை எழுப்புகிறது.

விளையாட்டும் போட்டி முறையும்

பேஸ்பாலில் ஓர் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ்களைக் கொண்டது. ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரு அணிகளும் மாறி மாறி மட்டை பிடிக்கும். மூன்று மட்டையாளர்கள் ஆட்டமிழந்ததும் அந்த அணியின் முறை முடியும். மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு, சதுர வடிவில் அமைந்த நான்கு தளங்களையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். கிரிக்கெட்டில் ஓட்டங்கள் நூற்றுக்கணக்கில் குவியும். பேஸ்பாலில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் நான்கைந்து ஓட்டங்கள் எடுப்பதே வழக்கம். எனவே, ஒவ்வோர் ஓட்டமும் அரியது. ஒன்பது இன்னிங்ஸ்களின் முடிவில் இரு அணிகளும் சமநிலையில் இருந்தால் கூடுதல் இன்னிங்ஸ்கள் ஆடி வெற்றியை முடிவு செய்வர்.

அமெரிக்காவின் முதன்மைப் போட்டியில் 30 அணிகள் உள்ளன. கனடாவின் டொராண்டோ நகர அணியும் அவற்றுள் ஒன்று. இவை அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு குழுவிலும் மூன்று பிரிவுகள், ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து அணிகள் உண்டு. வசந்த காலத் தொடக்கத்திலிருந்து இலையுதிர்காலம் வரை ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடும். அதன்பின் நடைபெறும் பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைவதே ஒவ்வோர் அணியின் முதல் இலக்கு. பிரிவில் முதலிடம் பெறும் அணிகள் நேரடியாகத் தகுதி பெறும். எஞ்சிய அணிகளுள் மிகுந்த வெற்றி பெற்ற சில அணிகள் ‘வைல்டு கார்டு’ என்னும் வாய்ப்பின் வழியே நுழையும். 2021ஆம் ஆண்டில் ஒவ்வொரு குழுவுக்கும் இத்தகைய இடங்கள் இரண்டு இருந்தன. 2022ஆம் ஆண்டில் அவை மூன்றாயின.

ஓட்ட வேறுபாடு என்பது யாது?

ஓர் அணி எடுத்த மொத்த ஓட்டங்களிலிருந்து, அது எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்த மொத்த ஓட்டங்களைக் கழித்தால் கிடைப்பது ஓட்ட வேறுபாடு. 700 ஓட்டங்கள் எடுத்து 650 ஓட்டங்களை விட்டுக்கொடுத்த அணியின் ஓட்ட வேறுபாடு +50 ஆகும். 650 எடுத்து 700 விட்டுக்கொடுத்தால் அது –50 ஆகும்.

கிரிக்கெட் இரசிகர்கள் நன்கறிந்த நிகர ஓட்ட விகிதத்தோடு இதனை ஒப்பிடலாம். ஆயினும், ஒரு வேறுபாடு உண்டு. கிரிக்கெட்டின் பல தொடர்களில் இரு அணிகள் சம புள்ளிகள் பெற்றால் நிகர ஓட்ட விகிதம் அவற்றின் இடத்தை முடிவு செய்யும். அமெரிக்க பேஸ்பாலின் தரவரிசையில் ஓட்ட வேறுபாட்டுக்கு அத்தகைய இடமில்லை. அங்கே அது தீர்ப்பு வழங்கும் நடுவரன்று. சான்று கூறும் சாட்சி மட்டுமே.

வெற்றி, தோல்வி என்னும் இரு சொற்கள் மறைத்துவிடும் செய்தியை இச்சாட்சி வெளிக்கொணர்கிறது. ஓர் அணி நான்கு ஆட்டங்கள் ஆடுவதாகக் கொள்வோம். முதல் மூன்றில் 3–2, 4–3, 2–1 என வென்று, நான்காவதில் 1–11 எனத் தோற்கிறது. தரவரிசை அதனை மூன்று வெற்றி பெற்ற சிறந்த அணி என்று கூறும். ஓட்டக் கணக்கோ 10 ஓட்டங்கள் எடுத்து 17 ஓட்டங்களை விட்டுக்கொடுத்த அணி என்று கூறும். இரண்டும் உண்மையே. இவற்றுள் எது அந்த அணியின் நாளைய நிலையை மிகுதியாக உணர்த்தும் என்பதே வினா.

எண்ணத் தொடங்கியவர்கள்

பேஸ்பாலை எண்களால் பதிவுசெய்யும் மரபுக்கும் கிரிக்கெட்டுக்கும் ஓர் உறவு உண்டு. 1824ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவில் குடியேறிய ஹென்றி சாட்விக் கிரிக்கெட் செய்தியாளராகப் பணியாற்றியவர். பின்னர் பேஸ்பாலில் ஈடுபாடு கொண்ட அவர், ஓர் ஆட்டத்தின் முழு நடப்பையும் சிறு கட்டத்துக்குள் அடக்கும் ஆட்டப் பட்டியலை உருவாக்கிச் செய்தித்தாள்களில் பரப்பினார். ஆட்டத்தை நேரில் காணாதவரும் மறுநாள் எண்களைப் படித்து அதனை மனக்கண்ணில் காண முடிந்தது.

அந்த எண்களிலிருந்து புதிய வினாக்களை எழுப்பியவர் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த பில் ஜேம்ஸ். உணவுப் பொருள்களைத் தகரக் குவளைகளில் அடைக்கும் ஆலையொன்றில் இரவுக் காவலராகப் பணியாற்றிய அவர், ஓய்வு நேரத்தில் ஆட்டப் பட்டியல்களை ஆராய்ந்தார். 1977ஆம் ஆண்டு முதல் தம் ஆய்வுகளை ஆண்டு நூல்களாகத் தாமே வெளியிட்டார். ஓட்டங்களுக்கும் வெற்றிகளுக்கும் இடையிலான தொடர்பை அவர் ஒரு வாய்பாட்டில் அமைத்தார்.

எதிர்பார்க்கும் வெற்றி வீதம் = எடுத்த ஓட்டங்களின் வர்க்கம் ÷ (எடுத்த ஓட்டங்களின் வர்க்கம் + விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் வர்க்கம்)

வர்க்கங்களின் கூடுதல் இதில் இடம்பெறுவதால் பிதாகரஸ் தேற்றத்தை நினைவூட்டும் வகையில் இதற்குப் ‘பிதாகரஸ் எதிர்பார்ப்பு’ என்னும் பெயர் அமைந்தது. இது வடிவியலிலிருந்து வருவித்த தேற்றமன்று. பல ஆண்டு ஆட்டங்களோடு ஒப்பிட்டுக் கண்ட பொருத்தம். பெரும்பாலான அணிகளின் உண்மை வெற்றிகள் இக்கணக்கிலிருந்து நான்கைந்து ஆட்டங்களுக்குமேல் விலகுவதில்லை. மனக்கணக்காகச் சொல்வதானால், ஏறத்தாழ 10 ஓட்டங்கள் ஒரு வெற்றிக்கு ஈடு எனலாம்.

தெரிந்து தெளிவோம்

பேஸ்பாலைப் புள்ளிவிவர முறையில் ஆராயும் துறைக்கு ‘சேபர்மெட்ரிக்ஸ்’ என்று பெயர். 1971ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளைக் கொண்டு இச்சொல்லை ஆக்கியவர் பில் ஜேம்ஸ்.

ஒரே ஆண்டு, இரு அணிகள்

ஓட்டங்களுக்கும் வெற்றிகளுக்கும் இடையிலான இழுபறியை 2021ஆம் ஆண்டின் அமெரிக்கன் லீக் தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டின் வைல்டு கார்டு இடங்கள் இரண்டுக்கும் நான்கு அணிகள் கடைசி நாள் வரை போட்டியிட்டன. 162 ஆட்டங்களும் முடிந்தபோது அவற்றின் நிலை பின்வருமாறு அமைந்தது.

பாஸ்டன் ரெட் சாக்ஸ்: 92 வெற்றி; ஓட்ட வேறுபாடு +80
நியூயார்க் யாங்கீஸ்: 92 வெற்றி, ஓட்ட வேறுபாடு +42
டொராண்டோ புளூ ஜேஸ்: 91 வெற்றி; ஓட்ட வேறுபாடு +183
சியாட்டில் மரைனர்ஸ்: 90 வெற்றி, ஓட்ட வேறுபாடு –51

டொராண்டோ அணி 846 ஓட்டங்கள் எடுத்து 663 ஓட்டங்களை விட்டுக்கொடுத்தது. பிதாகரஸ் வாய்பாட்டின்படி அது 100 ஆட்டங்களில் வென்றிருக்க வேண்டும். சியாட்டில் அணி 697 ஓட்டங்கள் எடுத்து 748 ஓட்டங்களை விட்டுக்கொடுத்தது. வாய்பாட்டின்படி அதற்குரிய வெற்றிகள் ஏறத்தாழ 75 மட்டுமே. இரு அணிகளுக்கும் இடையே ஓட்டக் கணக்கில் 234 ஓட்ட இடைவெளி இருந்தது. தரவரிசையில் இருந்ததோ ஒரேயொரு வெற்றி இடைவெளி.

சியாட்டில் அணியின் வெற்றிகள் எங்கிருந்து வந்தன? ஓர் ஓட்ட இடைவெளியில் முடிந்த ஆட்டங்களில் அவ்வணி 33இல் வென்று 19இல் மட்டுமே தோற்றது. நெருக்கமான ஆட்டங்களை வென்றது. தோற்கும்போது பெரும் இடைவெளியில் தோற்றது. பருவம் முழுவதும் விமர்சகர்கள் அந்த எதிர்மறை எண்ணைச் சுட்டிக்காட்டினர். அணியின் மேலாளர் ஸ்காட் செர்வைஸ், தம் அணியிடம் இருப்பது ‘மகிழ்ச்சி வேறுபாடு’ என்று ஆங்கிலச் சொல் விளையாட்டால் அதற்கு விடையளித்தார்.

அக்டோபர் 3 அன்று நடைபெற்ற கடைசி ஆட்டங்களில் டொராண்டோ 12–4 என வென்றது. ஆயினும், பாஸ்டனும் நியூயார்க்கும் வென்றுவிட்டமையால் அதற்கு இடம் கிட்டவில்லை. நியூயார்க் அணியின் அன்றைய வெற்றி 1–0 என்னும் மிகச் சிறிய வெற்றி. சியாட்டில் அணி 3–7 எனத் தோற்றது. மிகுந்த ஓட்ட வேறுபாடு கொண்ட அணியும் மிகக் குறைந்த ஓட்ட வேறுபாடு கொண்ட அணியும் ஒரே நாளில் வெளியேறின.

நெருக்கமான ஆட்டங்களின் இயல்பு

ஓர் ஓட்டத்தில் வென்றாலும் பத்து ஓட்டத்தில் வென்றாலும் தரவரிசையில் கிடைப்பது ஒரே வெற்றிதான். அவ்வாறிருக்க, நெருக்கமான வெற்றிகளை ஏன் ஐயத்தோடு நோக்க வேண்டும்? நெருக்கடியில் கலங்காது வெல்வதே உண்மையான ஆற்றலன்றோ எனச் சியாட்டில் இரசிகர்கள் வினவினர். வினா நியாயமானதே. அதற்கான விடையைப் பல ஆண்டு ஆட்டங்களின் பதிவு தருகிறது.

பத்து ஓட்ட இடைவெளியில் முடியும் ஆட்டத்தின் முடிவை ஒரு பந்து மாற்ற இயலாது. ஓர் ஓட்ட இடைவெளியில் முடியும் ஆட்டத்தின் முடிவை ஒரு பந்து, சிறு காற்று, கைநழுவிய ஒரு பிடி, நடுவரின் ஒரு முடிவு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று மாற்றிவிடும். ஆற்றலின் பங்கு குறைந்து தற்செயலின் பங்கு கூடும் இடம் அது. எனவே, ஓராண்டில் நெருக்கமான ஆட்டங்களில் மிகுதியாக வென்ற அணி, அடுத்த ஆண்டும் அவ்வாறே வெல்லும் என்று எதிர்பார்க்க இயலாது. நாணயத்தைப் பத்து முறை சுண்டியதில் எட்டு முறை தலை விழுந்தது என்பதற்காக, அடுத்த பத்திலும் எட்டு விழும் என எவரும் கூறுவதில்லை அல்லவா?

பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் வரலாறு இதற்குச் சான்று. 2012ஆம் ஆண்டில் அவ்வணி 712 ஓட்டங்கள் எடுத்து 705 ஓட்டங்களை விட்டுக்கொடுத்தது. ஓட்ட வேறுபாடு வெறும் +7. ஆயினும், ஓர் ஓட்ட ஆட்டங்களில் 29இல் வென்று 9இல் மட்டுமே தோற்றது. மொத்தம் 93 வெற்றிகளோடு பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டு, 2013இல், அதன் ஓட்ட வேறுபாடு +36 ஆக உயர்ந்தது. முன்னைவிடச் சிறப்பாக ஆடியும் ஓர் ஓட்ட ஆட்டங்களில் 20இல் வென்று 31இல் தோற்றது. மொத்த வெற்றிகள் 85 ஆகக் குறைந்தன; பிளேஆஃப் வாய்ப்பும் போயிற்று.

இயல்புக்கு மிஞ்சிய நிலை, காலப்போக்கில் சராசரியை நோக்கித் திரும்பும் என்பது புள்ளியியல் கூறும் உண்மை. பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கில அறிஞர் பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை ஒப்பிட்டு, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்தை நோக்கி நெருங்குவதை 1886ஆம் ஆண்டு எடுத்துரைத்தார். பேஸ்பால் அணிகளின் நெருக்கமான வெற்றிகளும் இவ்வியல்புக்கு உட்பட்டவையே.

இதனை மேலும் உறுதிப்படுத்தும் இணை ஒன்று 2023ஆம் ஆண்டு நேஷனல் லீக்கில் அமைந்தது. மயாமி மார்லின்ஸ் அணி –57 என்னும் ஓட்ட வேறுபாட்டோடு 84 ஆட்டங்களில் வென்று பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. சான் டியாகோ பாட்ரெஸ் அணி +104 என்னும் ஓட்ட வேறுபாட்டோடு 82 வெற்றிகள் மட்டுமே பெற்று வெளியேறியது. ஓர் ஓட்ட ஆட்டங்களில் மயாமி 33 வெற்றி, 14 தோல்வி. சான் டியாகோ 9 வெற்றி, 23 தோல்வி. அடுத்த ஆண்டு மயாமி 100 ஆட்டங்களில் தோற்றது. சான் டியாகோ 93 ஆட்டங்களில் வென்று பிளேஆஃப் சுற்றை எட்டியது. இடையில் இரு அணிகளிலும் வீரர்கள் மாறினர் என்பது உண்மையே. எனினும், ஓட்ட வேறுபாடு காட்டிய திசையிலேயே இரண்டும் சென்றன.

ஓட்ட வேறுபாட்டின் எல்லைகள்

ஓட்ட வேறுபாட்டை முற்றுண்மையாகக் கொள்வதும் பிழையே. அதற்கும் எல்லைகள் உள்ளன.

முதலாவது, ஒரு சில ஆட்டங்களின் பெருந்தோல்விகள் கணக்கைச் சாய்த்துவிடும். ஓர் அணி பத்து ஓட்டங்கள் பின்தங்கிவிட்டால், மேலாளர் தம் சிறந்த பந்து வீச்சாளர்களை அடுத்த நாளுக்காகக் காத்துவைப்பார். சிலவேளை மட்டையாளர் ஒருவரையே பந்து வீசச் செய்வதும் உண்டு. அப்போது சேரும் ஓட்டங்கள் அணியின் உண்மை ஆற்றலைக் காட்டுவன அல்ல.

இரண்டாவது, கடைசி இன்னிங்ஸ்களில் பந்து வீசுவதற்கென்றே தேர்ந்த வீரர்களைக் கொண்ட அணி, சிறிய முன்னிலையையும் காத்துக்கொள்ளும். அத்தகைய அணி நெருக்கமான ஆட்டங்களில் பாதிக்குச் சற்று மிகுதியாக வெல்லக்கூடும். அதாவது, நெருக்கமான வெற்றிகள் அனைத்தும் நற்பேறு அல்ல. அவற்றுள் ஆற்றலுக்கும் ஒரு பங்கு உண்டு.

மூன்றாவது, அணி என்பது பருவம் முழுவதும் ஒரே அணியாக இருப்பதில்லை. காயமுற்ற வீரர்கள் திரும்புவர். இளம் வீரர்கள் தேர்ச்சி பெறுவர். பருவத்தின் நடுவில் பிற அணிகளோடு வீரர்களைப் பரிமாறிக்கொள்வர். ஏப்ரல் மாதத்தில் விட்டுக்கொடுத்த ஓட்டங்கள், செப்டம்பர் மாதத்தில் ஆடும் வீரர்களைப் பற்றி எதுவும் கூறாமலும் போகலாம்.

நான்காவது, ஆட்டங்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது ஓட்ட வேறுபாடும் ஏமாற்றும். 20 ஆட்டங்களின் கணக்கைக் கொண்டு முடிவு கூறுவது, சில பக்கங்களைப் படித்துவிட்டு நூலுக்கு மதிப்புரை எழுதுவதைப் போன்றது.

இரு வினாக்கள்

பேஸ்பால் இரசிகர்களின் விவாதங்கள் பெரும்பாலும் முடிவின்றி நீள்வதற்குக் காரணம், இரு வேறு வினாக்களை ஒன்றாகக் கருதிக்கொள்வதே. ‘இந்த அணி எவ்வளவு வலிமையானது?’ என்பது ஒரு வினா. ‘இந்த அணி பிளேஆஃப் சுற்றுக்குள் நுழையுமா?’ என்பது மற்றொரு வினா. முதல் வினாவுக்கு ஓட்ட வேறுபாடு சிறந்த விடை தரும். இரண்டாம் வினாவுக்கு அது மட்டும் போதாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஓர் அணி 100 ஆட்டங்களை ஆடி முடித்துள்ளது. 55இல் வெற்றி, 45இல் தோல்வி. ஓட்ட வேறுபாடு –50. இன்னும் 62 ஆட்டங்கள் எஞ்சியுள்ளன. பருவ முடிவில் அதன் வெற்றிகள் எத்தனையாக இருக்கும்?

ஆர்வம் மிகுந்த இரசிகர், இதுவரை நூற்றுக்கு 55 வென்ற அணி இனியும் அவ்வாறே வெல்லும் என்பார். 62 ஆட்டங்களில் 34 வெற்றி, மொத்தம் 89. ஐயம் மிகுந்த இரசிகர், 10 ஓட்டங்களுக்கு ஒரு வெற்றி என்னும் கணக்கின்படி இது நூற்றுக்கு 45 ஆட்டங்களில் வெல்ல வேண்டிய அணி என்பார். எனவே 162 ஆட்டங்களில் 73 வெற்றிதான் கிட்டும் எனக் கூறிவிடுவார்.

இவ்விருவரும் தவறுகின்றனர். முதலாமவர், பெற்ற வெற்றிகளையே எதிர்கால ஆற்றலாகக் கருதுகிறார். இரண்டாமவர், எதிர்காலத்துக்கான கணக்கைக் கடந்த காலத்தின்மீதும் ஏற்றுகிறார். கைக்கு வந்த 55 வெற்றிகளை எவரும் திரும்பப் பெற இயலாது. நற்பேற்றால் வந்திருந்தாலும் அவை அணியின் உடைமையே. இனி வரும் 62 ஆட்டங்களுக்கு மட்டுமே ஓட்ட வேறுபாட்டின் கணக்கைப் பொருத்த வேண்டும். நூற்றுக்கு 45 என்னும் வீதத்தில் 62 ஆட்டங்களில் 28 வெற்றி கிட்டும், மொத்தம் 83. இதுவே எண்கள் தரும் நடுநிலையான மதிப்பீடு.

இந்த 83 என்பதும் உறுதியன்று. அது ஒரு மையப்புள்ளி. உண்மை முடிவு அதற்குச் சில வெற்றிகள் மேலும் அமையலாம், கீழும் அமையலாம். ஆகவேதான், இக்காலப் பகுப்பாய்வாளர்கள் எஞ்சிய ஆட்டங்களைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஆடவிட்டு, எத்தனை முறை அணி உள்ளே நுழைகிறது என எண்ணுகின்றனர். ‘நூற்றுக்கு 15 வாய்ப்பு’ என்று அவர்கள் கூறினால், ‘நுழையாது’ என்பது அதன் பொருளன்று. அத்தகைய நிலையிலுள்ள 100 அணிகளுள் 15 அணிகள் நுழையக்கூடும் என்பதே பொருள். நிகழ்தகவைத் தீர்ப்பாகப் படிப்பவர்களே, சிறு வாய்ப்பு நிறைவேறும்போது எண்கள் பொய்த்தன என்று குறை கூறுவர்.

இக்கணக்கு இரசிகர்களின் பேச்சுக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வோர் ஆண்டும் கோடையின் நடுவில், வீரர் பரிமாற்றத்துக்கான இறுதி நாள் நெருங்கும்போது அணி நிருவாகங்கள் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். வாய்ப்பு உண்டு என நம்பினால் இளம் வீரர்களைக் கொடுத்துத் தேர்ந்த வீரர்களைப் பெறுவர். வாய்ப்பில்லை எனக் கருதினால் தேர்ந்த வீரர்களைக் கொடுத்து எதிர்காலத்துக்கான இளைஞர்களைச் சேர்ப்பர். நற்பேற்றை ஆற்றலாக எண்ணி ஏமாந்தால் பல ஆண்டுகளின் செல்வம் வீணாகும். ஆற்றலை நற்பேறு என ஒதுக்கினால் கைக்கெட்டிய வாய்ப்பு நழுவும்.

நம்பிக்கையின் இடம்

சியாட்டில் இரசிகர்களின் நம்பிக்கையை எள்ளி நகையாடுதல் எளிது. ஆனால், அவர்களின் பின்னணியை அறிந்தவர் அவ்வாறு செய்யமாட்டார். 2001ஆம் ஆண்டில் அவ்வணி 116 ஆட்டங்களில் வென்று வரலாற்றுச் சாதனையைச் சமன் செய்தது. அவ்வாண்டு அதன் ஓட்ட வேறுபாடு +300. அத்தகைய பேராற்றல் கொண்ட அணியும் உலகத் தொடரை எட்டாமல் யாங்கீஸ் அணியிடம் தோற்றது. அதன்பின் இருபது பருவங்கள் அவ்வணி பிளேஆஃப் சுற்றையே காணவில்லை. பள்ளிக்குச் செல்லாத வயதில் 2001ஆம் ஆண்டின் ஆட்டங்களைக் கண்ட குழந்தைகள், கல்லூரியை முடித்த பின்னரும் காத்திருந்தனர். 2021ஆம் ஆண்டின் இறுதி வாரத்தில் ‘நம்பு’ என்னும் பொருள்தரும் ஒற்றை ஆங்கிலச் சொல் எழுதிய அட்டைகளை ஏந்தி அவர்கள் அரங்கை நிறைத்தனர். ஓட்ட வேறுபாட்டை அறியாமல் அவர்கள் நம்பவில்லை, அறிந்தே நம்பினர்.

அடுத்த ஆண்டு சியாட்டில் அணி மீண்டும் அதே 90 வெற்றிகளையே பெற்றது. தரவரிசையை மட்டும் நோக்கினால் ஓராண்டில் மாற்றம் எதுவுமில்லை. ஓட்டக் கணக்கோ வேறு கதை கூறியது. 2021இல் –51 ஆக இருந்த ஓட்ட வேறுபாடு, 2022இல் +67 ஆக உயர்ந்திருந்தது. முதலாண்டில் நற்பேறு தாங்கிப் பிடித்த அணி, இரண்டாம் ஆண்டில் தன் ஆற்றலால் நின்றது. செப்டம்பர் 30 அன்று கால் ராலி அடித்த ஹோம் ரன்னால் இருபதாண்டுக் காத்திருப்பு முடிவுற்றது.

பிளேஆஃப் சுற்றில் அவ்வணிக்கு எதிராக வந்தது டொராண்டோ. தரவரிசை, ஓட்ட வேறுபாடு ஆகிய இரண்டிலும் டொராண்டோவே முன்னின்றது. ஆட்டங்களும் அதன் சொந்த அரங்கிலேயே நடைபெற்றன. முதல் ஆட்டத்தில் சியாட்டில் 4–0 என வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் 1–8 எனப் பின்தங்கியிருந்த நிலையிலிருந்து மீண்டு 10–9 என வென்று அடுத்த சுற்றுக்குச் சென்றது. அச்சுற்றில் ஹூஸ்டன் அணியிடம் மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது.

162 ஆட்டங்கள் ஓர் அணியின் ஆற்றலை அளப்பதற்குப் போதிய காலம். இரண்டு மூன்று ஆட்டங்கள் போதா. எனவேதான், நெடிய பருவத்தில் ஓட்ட வேறுபாட்டின் குரல் ஓங்கி ஒலிக்கிறது. குறுகிய சுற்றில் தாழ்ந்து ஒலிக்கிறது. இதனை உணர்ந்த இரசிகர், தம் அணியின் ஓட்ட வேறுபாட்டைக் கண்டு மனம் தளர்வதுமில்லை. அதனை மறைத்துத் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதுமில்லை. பெற்ற வெற்றியை மகிழ்ந்து ஏற்று, பெறவிருக்கும் வெற்றியை அளந்து எதிர்பார்க்கும் இப்பண்பு ஆடுகளத்துக்கு வெளியிலும் பயன்படும். தேர்வில் பெற்ற ஒரு மதிப்பெண்ணைக் கொண்டு தம்மை முழுதும் அளந்துகொள்ளும் மாணவரும், ஓராண்டு இலாபத்தைக் கொண்டு தொழிலை விரிவுபடுத்தும் வணிகரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா அதுவே: கிடைத்த முடிவில் ஆற்றலின் பங்கு எவ்வளவு, வாய்ப்பின் பங்கு எவ்வளவு?

கற்பவை கற்றபின்...

1. ஓர் அணி 100 ஆட்டங்களில் 48 வெற்றிகளும் +60 ஓட்ட வேறுபாடும் பெற்றுள்ளது. எஞ்சிய 62 ஆட்டங்களையும் சேர்த்து அதன் மொத்த வெற்றிகளை மதிப்பிடுக. உம் மதிப்பீட்டுக்குரிய காரணத்தை எழுதுக.

2. ‘நெருக்கமான ஆட்டங்களை வெல்வது நற்பேறே’, ‘நெருக்கமான ஆட்டங்களை வெல்வது ஆற்றலே’ என்னும் இரு தலைப்புகளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. நீவிர் விரும்பும் கிரிக்கெட் அல்லது கபடி அணியின் ஒரு பருவ ஆட்ட முடிவுகளைத் திரட்டி, வெற்றிகளும் புள்ளி வேறுபாடும் ஒரே செய்தியைக் கூறுகின்றனவா என ஆராய்ந்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.